மெசேஜ் வரலைன்னா என்ன அர்த்தம்? ஒரு ஏலக்காய் டிரையரும் என் வெப்ஹுக்கும்

(இது எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கேன். திரும்பத் திரும்ப வந்த வார்த்தைகளையும், நடுவுல பக்கத்து வீட்டு நாய் குரைச்ச இடத்தையும் மட்டும் எடுத்துட்டேன்.)

 

இந்த வாரம் ஒரு சின்ன கேள்வியோட ஆரம்பிக்கிறேன். நீங்க ஒரு பில்டை ஓட விட்டுட்டு, அது முடிஞ்சுதானு எத்தனை தடவை அந்த டேபைத் திறந்து பார்ப்பீங்க? நான் ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். 22 நிமிஷம் ஓடுற பில்டுக்கு 14 தடவை. நடுவுல வேற வேலை பார்த்தேன்னு சொல்லிக்கலாம். ஆனா உண்மையில பார்க்கலை. காத்துக்கிட்டு இருந்தேன், அவ்வளவுதான்.

மெஷின் வேலையை முடிச்சதும் அதுவே நம்மகிட்ட வந்து சொல்ற ஏற்பாட்டைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப் போறேன். அதுக்குப் பேர் வெப்ஹுக். கேள்விப்பட்டிருப்பீங்க, நிறைய பேர் எழுதியும் இருப்பீங்க. நானும் எழுதினேன். ஆபீஸ்ல இல்லை, எங்க மாமாவோட ஏலக்காய் டிரையருக்கு. அதுல ஒரு ராத்திரி நான் பண்ண தப்பு, எனக்கு இந்த விஷயத்தை வேற மாதிரி புரிய வச்சுது.

மாவு மில்லும் வீட்டு விலாசமும்

எனக்குச் சொந்த ஊர் கம்பம். தேனி மாவட்டம். சின்ன வயசுல எங்க தெருமுனையில ஒரு மாவு மில் இருந்துச்சு. அம்மா ஒரு டின்னுல கோதுமையைக் கொடுத்து அனுப்புவாங்க. அங்க போனா நமக்கு முன்னாடி பத்து டின் வரிசையா நிக்கும். நான் வெளியில விளையாடிக்கிட்டே அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை தலையை உள்ள நீட்டி, "அண்ணே, ஆச்சா?" "அண்ணே, ஆச்சா?"

ஒரு கட்டத்துல அவருக்குக் கடுப்பாயிடும். "எந்த வீடுடா நீ? போ. ஆனதும் பையன்கிட்ட சொல்லி அனுப்புறேன்."

நான் பண்ணதுக்குப் பேர் போலிங். திரும்பத் திரும்பப் போய்க் கேட்கிறது. அவர் சொன்னது வெப்ஹுக். அதுல முக்கியமான வார்த்தை எது தெரியுமா? "எந்த வீடு?" விலாசம் வாங்கிக்கிட்டாரு பார்த்தீங்களா. வெப்ஹுக்ல நாம செய்யற முதல் வேலையும் அதுதான். "வேலை முடிஞ்சதும் இந்த யு.ஆர்.எல்.லைத் தட்டு"னு முன்கூட்டியே ஒரு விலாசத்தைக் கொடுத்து வைக்கிறோம். வேலை முடிஞ்சதும் அந்தப் பக்கத்து சர்வர் அந்த விலாசத்துக்கு ஒரு எச்.டி.டி.பி. போஸ்ட் அனுப்பும். உள்ள கொஞ்சம் தகவல் இருக்கும்: எந்த வேலை, எப்ப முடிஞ்சுது, பாஸா ஃபெயிலா. நம்ம பக்கம் அதை வாங்கிக்கிட்டு, "வந்துருச்சு"னு 200ங்கிற எண்ணைத் திருப்பிச் சொல்லணும். அவ்வளவுதான் மொத்த சமாச்சாரமும். இந்த 'வெப்ஹுக்'ங்கிற பேரை 2007ல ஜெஃப் லிண்ட்சேங்கிற டெவலப்பர் வச்சாரு.

ரெண்டு முறையையும் ஒரே இடத்துல பார்க்கணும்னா டெலிகிராம் பாட் எழுதிப் பாருங்க. "புது மெசேஜ் இருக்கா?"னு நாமளே போய்க் கேட்கிறதுக்கு ஒரு வழி இருக்கு. "வந்தா இந்த விலாசத்துக்கு அனுப்பிடு"னு சொல்லி வைக்கிறதுக்கு இன்னொரு வழி இருக்கு. முதல்ல சொன்னது போலிங், அடுத்தது வெப்ஹுக்.

இது ஏதோ நகரத்து விஷயம்னு நினைக்காதீங்க. எங்க பக்கம் தோட்டத்து மோட்டாருக்கு சிம் கார்டு போட்ட ஸ்டார்ட்டர் ரொம்ப நாளா இருக்கு. விவசாயத்துக்கு மும்முனை கரண்ட் எந்நேரமும் வராது. முன்னாடியெல்லாம் கரண்ட் வந்துருச்சானு பார்க்கவே ராத்திரியில டார்ச்சை எடுத்துக்கிட்டுத் தோட்டத்துக்கு நடக்கணும். பாம்பு, பூச்சி, மழை எல்லாம் உண்டு. இப்ப கரண்ட் வந்ததும் ஸ்டார்ட்டரே போன் பண்ணும். அந்தப் பெட்டிக்காரங்களுக்கு வெப்ஹுக்ங்கிற வார்த்தை தெரியணும்னு அவசியமே இல்லை. எண்ணத்தால ரெண்டும் ஒண்ணுதான்.

ராத்திரி முழுக்க 'ஆச்சா?'

இப்ப மாமா கதைக்கு வர்றேன். மாமாவுக்குக் கம்பம்மெட்டு தாண்டி, வண்டன்மேடு பக்கம் ரெண்டு ஏக்கர் ஏலத்தோட்டம். மலை மேல கேரளா, கீழ நம்ம பள்ளத்தாக்கு. எங்க ஊர்ல இப்படி வீடு கீழயும் தோட்டம் மேலயுமா இருக்கிறவங்க நிறைய. காலையில ஜீப்ல ஏறிப் போற தொழிலாளிங்களும் அப்படித்தான்.

ஏலக்காயைப் பறிச்சதோட வேலை முடியாது. பறிச்ச பச்சைக்காயில கிட்டத்தட்ட 80 சதவீதம் தண்ணி. அதை 10 சதவீதம் வாக்குல கொண்டு வரணும். அதுக்குக் காய வைக்கிற இடத்தை மேல 'ஸ்டோர்'னு சொல்லுவாங்க. ஸ்டோர்னா கடைன்னு நினைச்சுக்காதீங்க. மாமா வச்சிருக்கிறது சின்ன கரண்ட் டிரையர். அடுக்கடுக்கா தட்டு, கீழ ஹீட்டர், சூட்டுக் காத்தைத் தள்ள ஒரு ஃபேன். சூடு 45லிருந்து 55 டிகிரிக்குள்ள இருக்கணும். ஒரு ஈடு காய ஒரு பகல் ஒரு ராத்திரி ஆகும். சில சமயம் அதுக்கு மேலயும் இழுக்கும். மழைக்காலமா, காய் எவ்வளவு முத்தினது, தட்டுல எவ்வளவு கனமா பரப்பிருக்கோம், எல்லாத்தையும் பொறுத்தது அது.

அதாவது, எப்ப முடியும்னு முன்னாடியே சொல்ல முடியாது. முடிஞ்சதும் நிறுத்தியாகணும். சீக்கிரம் நிறுத்தினா மூட்டைக்குள்ள பூஞ்சணம் பிடிக்கும். லேட்டா நிறுத்தினா காய் வெடிக்கும், அந்தப் பச்சை நிறம் மங்கும், எடையும் இறங்கும்.

நிறம் ஏன் இவ்வளவு முக்கியம்? ஏலக்காய் விக்கிற இடத்துக்கும் 'ஏலம்'னுதான் பேர். ஸ்பைசஸ் போர்டோட மின்னணு ஏலம் போடிநாயக்கனூர்லயும், மேல புற்றடியிலயும் நடக்குது. வியாபாரிங்க கையில சாம்பிள் போகும். பார்ப்பாங்க, முகர்ந்து பார்ப்பாங்க, அப்புறம் முன்னாடி இருக்கிற கம்ப்யூட்டர்ல விலையைத் தட்டுவாங்க. பச்சை, பருமன், வெடிக்காத காய். இதைப் பார்த்துத்தான் விலை. விலை எப்படி ஆடும்னு தெரியணும்னா, 2019 ஆகஸ்ட்ல ஒரு கிலோ ஏலக்காய் ஏலத்துல 7,000 ரூபாயைத் தொட்டுச்சு. அதுக்கப்புறம் அது இறங்கின இறக்கத்தையும் மாமா பார்த்திருக்காரு.

அதனால டிரையர் ஓடுற ராத்திரி மாமா தூங்க மாட்டாரு. பக்கத்து ரூம்லயே ஒரு கட்டில். பத்து மணிக்கு எந்திரிப்பாரு, பன்னெண்டு, ஒண்ணரை, ரெண்டரை, மூணு. ஒரு தட்டை இழுத்து நாலு காயைக் கையில எடுத்து, காதுகிட்ட வச்சு ஆட்டுவாரு. உள்ள விதை கலகலன்னு சத்தம் போட்டா ஆச்சு. இல்லைன்னா மறுபடியும் படுக்கை. காய் எடுப்பு சீசன்ல இது வாரத்துக்கு ரெண்டு மூணு ராத்திரி. அம்பத்தேழு வயசு மனுசன்.

அத்தை ஒருநாள் போன்ல என்கிட்ட, "நீ என்னென்னமோ கம்ப்யூட்டர்ல பண்றியே, இவருக்கு ஒரு அலாரம் வச்சுக் கொடுக்க முடியாதாடா?"ன்னாங்க.

நான் கட்டினது

எனக்கு உடனே மண்டையில ஒரு படம் ஓடிருச்சு. விதை சத்தத்தைக் கேட்கிற மைக் எல்லாம் வேணாம். எடை போதும். கணக்கைப் பாருங்க. ஒரு கிலோ பச்சைக்காயில 800 கிராம் தண்ணி, 200 கிராம்தான் சரக்கு. 10 சதவீத ஈரத்துக்கு வர்றப்போ அந்த ஒரு கிலோ ஏறக்குறைய 220 கிராமா இறங்கியிருக்கும். அப்போ ஒரே ஒரு சாம்பிள் தட்டுல ஒரு கிலோ காயைப் போட்டு எடையைப் பார்த்துக்கிட்டே இருந்தா போதும். எப்ப முடிஞ்சுதுன்னு தெரிஞ்சுரும்.

ஒரு ஈ.எஸ்.பி. 32 போர்டு, ஒரு லோட் செல், ஒரு வெப்ப சென்சார், சிம் போட்ட ஒரு சின்ன வைஃபை பெட்டி. முதல்ல லோட் செல்லை டிரையருக்குள்ளயே வச்சு மாட்டிக்கிட்டேன். சூடு ஏற ஏற அது நம்பரை மாத்தி மாத்திச் சொல்லுச்சு. அப்புறம் அதை வெளியில மேல வச்சு, தட்டை மட்டும் கம்பியில உள்ள தொங்க விட்டேன். எடை 230 கிராமுக்குக் கீழ இறங்கினதும் போர்டு என் சர்வரோட விலாசத்துக்கு ஒரு போஸ்ட் அனுப்பும். சர்வர் டெலிகிராம்ல மாமாவுக்கு "ஆச்சு மாமா"ன்னு மெசேஜ் போடும், பெரிய சத்தத்தோட. ரெண்டு சனி ஞாயிறுல வேலை முடிஞ்சுது.

முதல் ராத்திரி நானும் கூட இருந்தேன். 1:50க்கு மெசேஜ் வந்துச்சு. மாமா எந்திரிச்சுப் போய்க் காயை ஆட்டிப் பார்த்தாரு. "சரியா இருக்கு மாப்ள"ன்னாரு. அடுத்த மூணு வாரமும் இப்படியே ஓடுச்சு. அத்தை போன்ல, "மனுசன் குறட்டை விட்டுத் தூங்குறாருடா"ன்னு சொன்னப்போ, எந்த அப்ரைசலும் எனக்குக் கொடுக்காத சந்தோஷம் கிடைச்சுது. உண்மையைத்தான் சொல்றேன்.

அந்த ராத்திரி

ஐப்பசி மாசம். மேல நல்ல மழை. மாமா ஒரு ஈடு போட்டாரு, 200 கிலோ பச்சைக்காய். போனைத் தலையணைக்குக் கீழ வச்சுட்டுப் படுத்துட்டாரு. நாலு மணி வாக்குல ஒரு தடவை முழிப்பு வந்திருக்கு. போனை எடுத்துப் பார்த்திருக்காரு. மெசேஜ் இல்லை. "மழைக் காலம், இன்னும் ஆகலை போல"ன்னு திரும்பிப் படுத்துட்டாரு.

ஏழு மணிக்குப் போய்ப் பார்த்தா காய் வெளிறிப் போய்க் கிடக்கு. கையில எடுத்தா வெடிச்சுது நிறைய. ரெண்டு மணிக்கே முடிஞ்சிருக்கணும். அதுக்கு மேல அஞ்சு மணி நேரம் ஹீட்டர் ஓடிருக்கு.

என்ன ஆச்சு? மலையில டவர் விழுந்துச்சா, கரண்ட் போச்சா? ஒண்ணும் இல்லை. வைஃபை பெட்டியில நான் போட்ட சிம்முக்கு 28 நாள் பேக். அந்த ராத்திரி பன்னெண்டு மணிக்கு அது முடிஞ்சு போச்சு. ரீசார்ஜ் ஞாபகப்படுத்துற எஸ்.எம்.எஸ். எல்லாம் வந்திருக்கு, அந்த வைஃபை பெட்டிக்கு. அதை யாரு பார்க்கிறது? போர்டு தன் வேலையை ஒழுங்காத்தான் பண்ணிருக்கு. எடை 230க்குக் கீழ போனதும் அனுப்பப் பார்த்திருக்கு. போகலை. மூணு தடவை முயற்சி பண்ணச் சொல்லி எழுதியிருந்தேன். மூணு தடவையும் பண்ணிட்டு, என் கோடு சொன்னபடியே, அமைதியா உட்கார்ந்துருச்சு.

அந்த ஈடு காஞ்சு நாப்பது கிலோ தேறுச்சு. ஏலத்துல கிலோவுக்கு 300 ரூபாய் குறைச்சலா போச்சு. பன்னெண்டாயிரம் ரூபாய். நான் தர்றேன்னு சொன்னேன். வாங்கலை. அவர் சொன்ன ஒரு வார்த்தைதான் எனக்கு இன்னும் உறுத்துது. "ஒன்னைய ஒண்ணும் சொல்லலை மாப்ள. நாந்தான் தூங்கிட்டேன்."

அவர் தூங்கினது தப்பா மக்களே? நான்தானே தூங்குங்கன்னு சொன்னேன். முப்பது வருசமா ராத்திரி அஞ்சு தடவை எந்திரிச்சு ஒரு ஈட்டைக்கூட இப்படி விடாத மனுசன் அவர். அந்தப் பழக்கத்தை எடுத்துட்டு, அதுக்குப் பதிலா நான் வச்சது மூணு ரீட்ரையும் 28 நாள் பேக்கும்.

மௌனத்துக்கு ரெண்டு அர்த்தம்

அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து யோசிச்சேன். என் தப்பு எங்க இருக்கு? ரீசார்ஜ் மறந்ததுன்னு சொல்லலாம். அது சின்ன தப்பு. நாளைக்கு வேற ஏதாவது போகும். எலி வயரைக் கடிக்கும், மரம் விழும், சர்வர் சான்றிதழ் காலாவதி ஆகும்.

பெரிய தப்பு வேற. மெசேஜ் வரலைன்னா அதுக்கு ரெண்டு அர்த்தம் இருக்கு. ஒண்ணு, வேலை இன்னும் முடியலை. இன்னொண்ணு, முடிஞ்சுது, ஆனா சொல்ல முடியலை. போனைப் பார்க்கிற மனுசனுக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். மாமா நாலு மணிக்குப் போனைப் பார்த்து முதல் அர்த்தத்தை எடுத்துக்கிட்டாரு. யாரா இருந்தாலும் அதைத்தான் எடுத்துப்போம்.

போலிங்ல இந்தப் பிரச்சினை கம்மி. ஏன்னா நாம போய்க் கேட்கிறோம். பதில் வரலைன்னா அந்த நிமிஷமே ஏதோ சரியில்லைன்னு தெரிஞ்சுரும். மாமா எந்திரிச்சுப் போய்க் காயை ஆட்டினா பதில் கையிலயே இருக்கு. தூக்கம்தான் போகும். வெப்ஹுக்ல தூக்கம் கிடைக்கும், ஆனா அந்த உறுதி போயிடும். நான் ஒண்ணைக் கொடுத்து இன்னொண்ணை எடுத்துக்கிட்டேன். எடுத்துக்கிட்டதை அவருக்குச் சொல்லவே இல்லை.

நான் மட்டும்தான் இப்படியான்னா, இல்லை. கிட்லேப் உங்களுக்குத் தெரியும். 2017 ஜனவரி 31 அன்னைக்கு அங்க ஒரு இன்ஜினியர், ஒரு சர்வர்னு நினைச்சு இன்னொரு சர்வர்ல, அதாவது மெயின் டேட்டாபேஸ்லயே, கோப்புகளை அழிச்சுட்டாரு. சரி, பேக்கப் இருக்கும்லன்னு போய்ப் பார்த்தா காலி. பேக்கப் எடுக்கிற மென்பொருளோட பதிப்பு டேட்டாபேஸ் பதிப்போட ஒத்துப்போகலை, அதனால அது தோத்துக்கிட்டே இருந்திருக்கு. "தோத்துட்டேன்"னு ஈமெயிலும் அனுப்பியிருக்கு. அந்த ஈமெயிலை வாங்குற சர்வர் டிமார்க் விதியைக் காட்டி உள்ளயே விடலை. யாருக்கும் ஒண்ணும் தெரியலை. கடைசியில வேற காரணத்துக்காக யாரோ கையால எடுத்து வச்சிருந்த ஒரு ஸ்னாப்ஷாட் காப்பாத்துச்சு. அப்படியும் ஏறக்குறைய ஆறு மணி நேரத்துத் தரவு போச்சு. இதை எல்லாம் அவங்களே வெளிப்படையா எழுதி வெளியிட்டாங்க. அந்தப் பெருந்தன்மைக்கு ஒரு வணக்கம்.

மாமா கதையும் இதுவும் ஒண்ணுதானே? ஈமெயில் வரலை, அதனால எல்லாம் நல்லா இருக்குன்னு நினைச்சாங்க.

வைகை அணை என்ன பண்ணுது?

இதுக்குப் பதில் தேடி நான் பெருசா எங்கயும் போக வேண்டியதில்லை. எங்க மாவட்டத்துல 1959லிருந்து நிக்குது. வைகை அணை, ஆண்டிபட்டி பக்கத்துல.

அணையோட முழு உயரம் 71 அடி. 71 வந்ததும் ஒரே ஒரு தடவை "நிறைஞ்சுருச்சு"ன்னு சொல்றது இல்லை. 66 அடி வந்தா முதல் வெள்ள எச்சரிக்கை. 68.5 அடிக்கு ரெண்டாவது. 69 அடிக்கு மூணாவது. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம்னு ஆத்தங்கரையில இருக்கிற அஞ்சு மாவட்டத்துக்கும் தகவல் போகும். அணையில சைரனும் ஊதுவாங்க. முதல் தகவல் தவறினாலும் ரெண்டாவது இருக்கு. போன் வேலை செய்யலைன்னாலும் பக்கத்துல இருக்கிறவங்களுக்கு சைரன் கேட்கும்.

ஆனா எனக்கு அதைவிட முக்கியமா பட்டது இன்னொண்ணு. வெள்ளமே இல்லாத நாள்லயும் அணை பேசும். பேப்பர்ல தினமும் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி வரும், பார்த்திருப்பீங்க. முல்லைப் பெரியாறு இத்தனை அடி, வைகை இத்தனை அடி, வரத்து இவ்வளவு, வெளியேத்தம் இவ்வளவு. எங்க தாத்தா தலைப்புச் செய்தியைப் படிக்கிறதுக்கு முன்னாடி அதைத்தான் பார்ப்பாரு. ஒருநாள் அது வரலைன்னா "என்ன, இன்னைக்கு அணை நிலவரத்தைக் காணோம்?"னு கேட்பாரு. பார்த்தீங்களா, வராததை ஒரு மனுசன் கவனிச்சுட்டாரு. தினமும் வர்றது வராம போனாத்தான் அந்தக் கேள்வியே வரும். என்னைக்காவது ஒருநாள் வர்ற மெசேஜ் வராம போனா யாரு கேட்பா?

நம்ம தொழில்ல இதுக்குப் பேர் ஹார்ட்பீட். "நான் உயிரோட இருக்கேன்"னு மெஷின் சொல்லிக்கிட்டே இருக்கிறது.

இப்ப எப்படி இருக்கு

தீபாவளி லீவுல போய் மொத்தத்தையும் மாத்தினேன். ஒவ்வொண்ணா சொல்றேன். உங்க பில்டுக்கும் பேக்கப்புக்கும் அப்படியே பொருந்தும்.

முதல்ல ஹார்ட்பீட். போர்டு பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சர்வருக்கு எடையையும் சூட்டையும் அனுப்பும். தொடர்ந்து மூணு தடவை வரலைன்னா, சர்வர் சும்மா இருக்காது. மாமாவுக்கும் எனக்கும் போன் அடிக்கும். மெசேஜ் கிடையாது, போன். இப்ப மெஷின் செத்தாலும் தெரியும், சிம் செத்தாலும் தெரியும்.

அந்த சர்வரே செத்துட்டா? நல்ல கேள்வி. டிரையர் ஓடுற நாள்ல சாயந்திரம் ஆறு மணிக்கு மாமாவுக்கு ஒரு மெசேஜ் வரும்: "தட்டுல இப்ப இத்தனை கிராம், சூடு இத்தனை டிகிரி." அது வரலைன்னா அன்னைக்கு ராத்திரி பழையபடி எந்திரிச்சுப் பார்க்கிறதுன்னு பேசி வச்சிருக்கோம். இதுதான் எங்க அணை நிலவரம்.

ரெண்டாவது, படிப்படியா சொல்றது. 400 கிராம்ல ஒண்ணு, 280ல ஒண்ணு, 230ல கடைசி. முதல் ரெண்டும் வந்து நேரமாகியும் மூணாவது வரலைன்னா, மாமாவுக்கே கணக்குத் தெரியும்.

மூணாவது, பதில் வாங்குறது. மெசேஜ் போய்ச் சேர்ந்தா போதாது, ஆள் பார்க்கணும். டிரையர் பக்கத்துல ஒரு பட்டன். மாமா எந்திரிச்சு வந்து அதை அமுக்கணும். பத்து நிமிஷத்துல அமுக்கலைன்னா போன் அடிக்கும். அதுக்கும் எடுக்கலைன்னா கீழ கம்பத்துல அத்தைக்கு அடிக்கும். அத்தை போன் பண்ணா மாமா எடுக்காம இருந்ததா சரித்திரம் இல்லை.

நாலாவது, இன்டர்நெட்டே வேணாம்னு ஒரு சைரன். போர்டுலயே ஒரு பஸ்ஸரை மாட்டினேன். எடை இறங்கினா, நெட் இருந்தாலும் இல்லைன்னாலும் அது கத்தும். இருநூறு ரூபாய்கூட ஆகலை. இதை முதல்லயே பண்ணியிருந்தா அந்த ஈடு போயிருக்காது. ஆனா எனக்கு அப்ப வெப்ஹுக்தான் பெருமையா இருந்துச்சு, பஸ்ஸர் இல்லை.

அஞ்சாவது, யாருமே வரலைன்னா என்ன பண்றது? "டிரையரையே நிறுத்திரலாமே"ன்னு நீங்க கேட்பீங்க. நானும் கேட்டேன். மாமா வேணாம்னாரு. மேல் தட்டும் கீழ் தட்டும் ஒண்ணா காயாது, ஒரே ஒரு சாம்பிள் தட்டை நம்பி மொத்தத்தையும் நிறுத்தினா பாதி ஈரமா நின்னுரும். பேசிப் பேசி நடுவுல ஒரு வழிக்கு வந்தோம். அரை மணி நேரம் யாரும் பட்டன் அமுக்கலைன்னா ஹீட்டர் மட்டும் அணையும், ஃபேன் ஓடிக்கிட்டே இருக்கும். ஈடும் கெடாது, காயும் வெடிக்காது.

இன்னும் சில சின்ன விஷயம். ரீட்ரை மூணோட நிக்கக் கூடாது. இடைவெளியை விட்டு விட்டு, கூட்டிக் கூட்டி, அனுப்பிக்கிட்டே இருக்கணும். ஸ்ட்ரைப் மூணு நாள் வரைக்கும் விடாம அனுப்பிப் பார்க்கும். கிட்ஹப் அப்படி இல்லை. தோத்துப் போனதை அதுவா மறுபடி அனுப்பாது, பத்து செகண்டுக்குள்ள நீங்க பதில் சொல்லலைன்னா தோல்வின்னு எழுதிட்டுப் போயிடும். அதனால யாரோட வெப்ஹுக்கை வாங்குறீங்களோ, அவங்க எத்தனை தடவை அனுப்புவாங்கன்னு முதல்ல படிங்க. வாங்கினதும் 200 சொல்லிட்டு, கனமான வேலையை அப்புறம் பண்ணுங்க.

மறுபடி மறுபடி அனுப்பினா ஒரே சேதி ரெண்டு தடவை வரும். அதனால ஒவ்வொரு ஈட்டுக்கும் ஒரு நம்பர். அதே நம்பர் மறுபடி வந்தா கண்டுக்காம விட்டுரணும். இல்லைன்னா மாமா ராத்திரி ஆறு தடவை "ஆச்சு மாமா" வாங்குவாரு. அப்புறம் விலாசம் தெரிஞ்சவன் எவன் வேணா போலியா "ஆச்சு"ன்னு அனுப்பலாம். ரெண்டு பக்கமும் ஒரு ரகசியச் சாவியை வச்சு, கையெழுத்து சரியானு பார்த்துட்டுத்தான் நம்பணும்.

ரீசார்ஜ்? இப்ப ரெண்டு சிம், ரெண்டும் வேற வேற கம்பெனி. காலாவதித் தேதியும் ஹார்ட்பீட்டோட சேர்ந்தே வருது. ஏழு நாளைக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்.

மறுபடியும் அந்த ரூம்

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். மேல மாமாவோட ஒரு ராத்திரி தங்கினேன். ஆறு மணி மெசேஜ் வந்துச்சு. ராத்திரி 2:40க்கு பஸ்ஸரும் போனும் சேர்ந்து கத்துச்சு. மாமா எந்திரிச்சாரு, துண்டைத் தலையில கட்டிக்கிட்டாரு, போய்ப் பட்டனை அமுக்கினாரு. அப்புறம் ஒரு தட்டை இழுத்து நாலு காயைக் கையில எடுத்து, காதுகிட்ட வச்சு ஆட்டினாரு. மேல் தட்டுல ஒண்ணு, கீழ் தட்டுல ஒண்ணு.

"அதான் சொல்லிருச்சே மாமா, இன்னும் எதுக்கு?"ன்னேன்.

"அது சொன்னதுக்குத்தான எந்திரிச்சேன். பார்க்கிறது என் வேலை மாப்ள"ன்னாரு.

ராத்திரி அஞ்சு தடவை எந்திரிச்சவரு இப்ப ஒரு தடவை எந்திரிக்கிறாரு. ஒண்ணை ஜீரோ ஆக்கணும்னு எனக்கு இப்ப ஆசை இல்லை.

சரி மக்களே, இந்த வாரத்துக்கு உங்களுக்கு ஒரு வேலை. உங்க ஆபீஸ்லயோ, உங்க சொந்த புராஜெக்ட்லயோ, "மெசேஜ் வரலை, அப்ப எல்லாம் ஓகே"ன்னு நீங்க நம்பிக்கிட்டு இருக்கிற ஒண்ணே ஒண்ணைத் தேர்ந்தெடுங்க. ராத்திரி ஓடுற பேக்கப்பா இருக்கலாம், பில்டா இருக்கலாம், வீட்டுத் தண்ணி டேங்க் சென்சாரா இருக்கலாம். அதைக் கையால நிறுத்திப் பாருங்க. வயரைப் பிடுங்குங்க. எத்தனை நேரத்துல உங்களுக்குத் தெரிய வருதுன்னு கடிகாரத்தைப் பாருங்க. தெரியவே இல்லைன்னா, நீங்களும் 28 நாள் பேக்குல ஓடிக்கிட்டு இருக்கீங்கன்னு அர்த்தம்.

பண்ணிப் பார்த்துட்டு என்ன ஆச்சுன்னு எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. நல்ல கதைகளை அடுத்த எபிசோட்ல பேசலாம். ராத்திரி நல்லா தூங்குங்க. வணக்கம்.